ஐந்து கோழிகளும் சாய அக்காவின் கண்ணும்

சாய அக்கா ஒரு நிறத்தைச் சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. சுவருக்கு வர்ணம் அடிப்பவர் டப்பாவைத் திறந்து முதலில் அவர் கடை வாசலில் வைப்பார். தையல்காரர் நூல்கண்டை நீட்டி, அவர் தலையசைத்த பிறகே ஊசியில் கோப்பார். பல் டாக்டர்கூட ஒருமுறை பொய்ப்பல் வரிசையொன்றைக் காகிதத்தில் சுற்றி அனுப்பி, "ஆளுக்கு ஒத்துப்போகுமா?" என்று கேட்டு வரச் சொன்னார். அக்கா ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "டீ குடிக்கிற ஆளு. இவ்வளவு வெள்ளை ஆகாது" என்று திருப்பி அனுப்பினார். பல் மாற்றப்பட்டது.

தொழில், முடிக்குச் சாயம் போடுவது. முப்பது வருட அனுபவம். கடையில் இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, கிழக்கே பார்த்த ஒரு ஜன்னல். வந்தவரை உட்கார வைத்து, காதுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கொத்து முடியைப் பிடித்து, தலையோடு ஜன்னல் பக்கம் திருப்புவார். அது பிறந்த கறுப்பா, வாங்கின கறுப்பா என்று மூன்று நொடியில் தீர்ப்பு வந்துவிடும். சாயக் குழாய்களின் மேல் கம்பெனிக்காரர்கள் எண் போட்டிருப்பார்கள். அந்த எண்களை அக்கா மதித்ததே இல்லை. "நம்பர் பாத்துக் கலக்குறதுக்கு நான் என்ன மருந்துக் கடையா வச்சிருக்கேன்?" என்பார். இந்தக் குழாயில் கொஞ்சம், அந்தக் குழாயில் கொஞ்சம் பிதுக்கி, கிண்ணத்தில் பிரஷ்ஷால் அடித்து, கண்ணாலேயே அளப்பார். கண்ணை நம்பிக் கடை, கடையை நம்பி வீடு. அந்தக் கண்ணுக்கு ஒன்று ஆனால் அக்காவுக்குச் செய்யத் தெரிந்த வேறு வேலை உலகத்தில் கிடையாது.

ஆனால் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பது மட்டுமல்ல, ஐம்பத்து நான்காவது வயதில் அது இளமைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. போன வருடம்வரை பேப்பர் படிக்கக் கண்ணாடி தேவைப்பட்டவர், திடீரென்று ஒருநாள் அது இல்லாமலே படித்தார். ஊசியில் நூல் கோத்துக் காட்டினார். மூக்குக்கண்ணாடியை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, "என் கண்ணுக்கு வயசு குறையுது" என்று தெரு முழுக்க அறிவித்தார். தெரு வாயைப் பிளந்தது.

அதே சமயத்தில்தான் வாடிக்கையாளர்களின் தலைகளில் ஒரு கெட்ட பழக்கம் தோன்றியது. யாரைப் பார்த்தாலும் முடியில் லேசாக மஞ்சள் அடித்தது. அக்கா அசரவில்லை. மஞ்சளை அடக்க ஊதா வேண்டும் என்பது தொழிலின் அரிச்சுவடி. ஊதாக் குழாயைக் கொஞ்சம் கூடுதலாகப் பிதுக்கினார். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம்.

வங்கி மேலாளர் அம்மா ஒருநாள் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"அக்கா, தலை ஊதாவா தெரியுதுன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க!"

அக்கா காதோர முடியைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். "கரும்பழுப்பு. சுத்தமான கரும்பழுப்பு. உங்க ஆபீஸ் லைட்டு சரியில்லம்மா."

மேலாளர் அம்மா போய் அலுவலகத்தில் எல்லா விளக்கையும் மாற்றினார். அக்கா சொன்ன பிறகு வேறென்ன செய்ய முடியும்? அடுத்த மாதம் அவர் வந்து உட்கார்ந்தபோது தலை அப்படியொரு அழகாக இருந்தது. அக்காவே அசந்துபோனார். "பாத்தீங்களா? நம்ம கலர் நாளாக நாளாகத்தான் பழுக்கும்."

மேலாளர் அம்மா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அடக்கம் என்று அக்கா எடுத்துக்கொண்டார்.

அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். நிறுத்தம் இல்லாத இடத்தில் பேருந்தையும் நிறுத்த மாட்டார், வாயையும் திறக்க மாட்டார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் தலைக்கு முறை. துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காருவார், முடிந்ததும் "நல்லாருக்கு" என்பார், எழுந்து போவார். முப்பது வருடமாக இதே ஒற்றைச் சொல் விமர்சனம். சமீப காலமாக மட்டும் எந்நேரமும் தொப்பியோடு திரிந்தார். தூங்கும்போதும் தலையில் துண்டு. சளி என்றார்.

இந்த நிலைமையில்தான் நாத்தனார் ஐந்து கோழிகளோடு வந்து இறங்கினார்.

நாத்தனார் என்றால் ஓட்டுநரின் தங்கை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். நாள் முழுக்கக் குடுவைக்குள் சொட்டு விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் வேலை என்பதால், எதையும் சோதிக்காமல் நம்பாத ஜென்மம். அண்ணிக்கும் அவருக்கும் பகை என்று சொல்ல முடியாது. ஒரே அறையில் இருவரும் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

"பின்னாடி தரை போடறாங்க அண்ணி. கோழிய எங்க வைக்கிறதுன்னு தெரியல. நீங்களே வச்சுக்கோங்க" என்று மூன்று கூடைகளைக் கொல்லைப்புறத்தில் இறக்கினார்.

"என்ன ரகம்டி இதெல்லாம்?"

"அஞ்சும் அஞ்சு ரகம். எனக்கு என்ன தெரியும்? நிறம் பாக்குறதுல நீங்கதானே பெரிய ஆளு. நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க." பையிலிருந்து பழைய கோழி வளர்ப்புக் கையேடு ஒன்றையும் எடுத்து வைத்தார். கறுப்பு வெள்ளை அச்சு. படம் ஒன்றுகூட இல்லை. உடல் இந்த நிறம், கால் இந்த நிறம், காது மடல் இந்த நிறம், முட்டை இந்த நிறம் என்று எழுத்தில் மட்டும் விளக்கம்.

"ஒரு வாரம் குடு" என்றார் அக்கா. குரலில் ஒரு பரம்பரை நீதிபதியின் நிதானம் இருந்தது.

ஒரு வாரம் தேவைப்படவில்லை. மறுநாளே அக்கா ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, காது மடலைத் திருப்பி, வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். கோழிகள் முதல்முறையாகச் சாயம் போட வந்தவர்களைப் போல முழித்தன. கறுப்பு வெள்ளைக் கோடு போட்டதை பிளைமவுத் ராக் என்றார், சரி. செங்கல் நிறத்தில் இருந்ததை ரோட் ஐலண்ட் ரெட் என்றார், அதுவும் சரி. மூன்றாவது, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. ஒல்லியாக, கொண்டை ஒருபக்கம் சாய்ந்து, காது மடலும் வெள்ளையாக இருந்தது. கையேட்டில் இதற்கென்றே லெக்ஹார்ன் என்று ஒரு பக்கம் இருந்தது.

"வெண்ணெய் நிறம். பஃப் ஆர்பிங்டன்" என்றார் அக்கா.

நாத்தனார் கையேட்டைப் புரட்டினார். "அது குண்டா, பொசபொசன்னு இருக்கும்னு போட்டிருக்கே அண்ணி."

"இது டயட்ல இருக்கு."

நான்காவது, மழைமேகம் போல நீலச் சாம்பல் இறகு. ஆந்தலூசியன். அக்கா அதைக் கருகரு கறுப்பு என்று கண்டு, ஆஸ்ட்ரலார்ப் என்று பெயரிட்டார். ஐந்தாவதுக்குக் கன்னத்தில் தாடி. கையேட்டில் தாடி வைத்த ரகம் இரண்டு இருந்தது. ஃபேவரோல் என்பது மங்கின வெள்ளை முட்டையிடும், காலில் ஐந்து விரல் இருக்கும். அமெரிக்கானா நீல முட்டையிடும், நான்கு விரல்தான்.

"விரல எண்ணிப் பாத்தா தெரிஞ்சிடுமே" என்றார் நாத்தனார் மெல்ல.

"விரல் எண்றதெல்லாம் கணக்குப்பிள்ளை வேலை. நான் நிறம் பாக்குறவ. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, இது மங்கின வெள்ளை முட்டைக்காரி. ஃபேவரோல்!"

ஐந்து அட்டைகளில் பெயர் எழுதிக் கூண்டில் மாட்டினார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, மூக்குக்கண்ணாடி இல்லாமலே.

தெரு பார்க்க வந்தது. வர்ணம் அடிப்பவர் வெள்ளைக் கோழியின் முன்னால் குனிந்து, அதன் அட்டையைப் படித்து, மறுபடி கோழியைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் சுண்ணாம்பிலும் வர்ணத்திலும் ஊறிய மனிதர். வெள்ளையில் பதினாறு வகை தெரியும்.

"வெண்ணெய் நிறம். என்ன சொல்றீங்க?" என்றார் அக்கா.

"வெண்ணெய்... வெண்ணெய்தாங்க்கா" என்று சொல்லிவிட்டு, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார். தையல்காரர் சாம்பல் நீலக் கோழியைப் பார்த்து, "அட, என்னா கறுப்பு!" என்றார். தூக்கு மேடைக்குப் போகிறவன் குரலில் சொன்னார். வந்தவர்கள் அத்தனை பேரும் ஒப்புக்கொண்டார்கள். கடிகாரக் கடைக்காரர் ஒருபடி மேலே போய், வெள்ளைக் கோழி கொஞ்சம் குண்டாகவே தெரிவதாகச் சொன்னார்.

ஒப்புக்கொள்ளாதது ஒரு ஜீவன்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அது தன் கருத்தைக் கூண்டின் மூலையில் இட்டுவிட்டு, ஊருக்கே கேட்கும்படி கத்தியது.

அக்கா ஓடினார். பின்னாலேயே கணவர், நாத்தனார், பின்சுவருக்கு வர்ணம் அடிக்க வந்திருந்தவர், சாயம் போட வந்து காத்திருந்த வங்கி மேலாளர் அம்மா. அக்கா முட்டையை எடுத்து, சூடாறுவதற்குள் உயர்த்திக் காட்டினார்.

"பாத்தியாடி? மங்கின வெள்ளை! ஃபேவரோல்!"

எல்லோரும் முட்டையையும் அக்காவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

"அண்ணி, அது நீலம்" என்றார் நாத்தனார்.

"என்னது?"

"முட்டை. நீல முட்டை."

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே வர்ணக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கய்யா."

வர்ணக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"வானத்த ஏன்யா பாக்குற? முட்டையப் பாரு!"

"இல்லக்கா... ரெண்டும் ஒரே நிறமா இருக்கேன்னு பாத்தேன்."

சிரிப்பு அக்காவின் முகத்தில் போக வழி தெரியாமல் நின்றது. மேலாளர் அம்மாவைப் பார்த்தார். அவர் கைக்குட்டையைத் தேடினார். கடைசியில் கணவரைப் பார்த்தார். நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்தாதவர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்:

"நீலம்தாம்மா."

அக்கா கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்தார். முட்டையை மட்டும் விடவில்லை. மூக்குக்கு நேராக வைத்து உற்றுப் பார்த்தார். அதன்மேல் ஒட்டியிருந்த தூசி, மயிரிழைபோல ஒரு கீறல், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. நீலம் மட்டும் இல்லை.

"அப்ப அந்த வெண்ணெய்க் கோழி?"

"வெள்ளை."

"கறுப்பு?"

"சாம்பல் நீலம் அண்ணி."

அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பினார். எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு கேள்வி, அந்தத் தலையோடு சேர்ந்து மேலாளர் அம்மாவின் பக்கம் திரும்பியது.

"உங்க தலை?"

மேலாளர் அம்மா அழுதேவிட்டார். "இப்ப நல்லாருக்குக்கா. இங்க போட்டுக்கிட்டு நேரா இவங்க வீட்டுக்குப் போயிடுவேன். சமையலறையில வச்சுச் சரி பண்ணிடுவாங்க."

"யாரு வீட்டுக்கு?"

"என் வீட்டுக்குத்தான்" என்றார் நாத்தனார். "எட்டு மாசமா. மேனேஜர் அம்மா, தையல்காரர் சம்சாரம், கடிகாரக் கடைக்காரர் மீசை, எல்லாரும். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் என் வீட்ல உக்கார எடமில்ல. பொட்டலத்து மேல போட்ட நம்பரப் பாத்துக் கலக்குவேன், அவ்வளவுதான்."

நம்பர்! முட்டை நீலம் என்றதைவிட இது ஆழமாக இறங்கியது. எட்டு மாதமாகத் தெருவே தன்னிடம் வந்து தலையைக் கொடுத்து, நன்றி சொல்லி, இரண்டு தெரு தள்ளிப் போய் அதைக் கழுவிக் கலைத்து, மறுமாதம் அந்தத் தலையோடு திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பழுத்திருக்கிறது, முற்றியிருக்கிறது என்றெல்லாம் அவர் தன் கையைத் தானே மெச்சிக்கொண்டிருக்கிறார்!

"ஒருத்தர்கூடவா என்கிட்ட சொல்லக் கூடாது?"

"உங்ககிட்டயா? நிறத்தப் பத்தியா?" என்றார் வர்ணக்காரர். உண்மையான திகிலோடு கேட்டார்.

"அப்ப இந்தக் கோழிங்க?"

நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கண் டாக்டர்கிட்ட போங்கன்னா, ஊசியில நூல் கோத்துக் காட்டுவீங்க. கலர் அட்டை நீட்டினா, அட்டை வெளுத்துப்போச்சும்பீங்க. லைட்டு சரியில்லன்னு ஒரு பேங்க்கையே மாத்த வச்சவங்க நீங்க. கோழியக் குறை சொல்ல முடியாதுன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "டயட்டும்பீங்கன்னு எனக்குத் தெரியாது."

அன்று அக்கா கடையைப் பூட்டினார். ஞாயிற்றுக்கிழமையில் அந்தக் கதவு மூடியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. சாவியை நாத்தனார் கையில் கொடுத்து, "இனிமே நான் யார் தலையையும் தொடக் கூடாதுடி" என்றார். நாத்தனார் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

மறுநாள் கண் டாக்டர், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சந்தை நிலவரம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். கண்புரை. பழைய பேப்பர் மஞ்சளாவதுபோல உள்ளே இருக்கும் வில்லை பழுத்துவிட்டது. நீலமும் ஊதாவும் மங்கும், வெள்ளை மஞ்சளாகும்.

"ஆனா டாக்டர், கண்ணாடி இல்லாம படிக்கிறேனே!"

"அதுவும் புரைதாம்மா. முத்தும்போது கொஞ்ச நாளைக்குக் கிட்டப் பார்வைய அப்படித்தான் தூக்கிக் குடுக்கும். நிறைய பேர் கண்ணு சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க."

ஊர் முழுக்க அறிவித்துக் கொண்டாடியது நோயைத்தான் என்று புரிந்தபோது அக்கா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வில்லைய மாத்தினா நிறம் திரும்ப வருமா? அத மட்டும் சொல்லுங்க. எனக்கு அதுதான் வேலை."

"வரும்" என்றார் டாக்டர். முதலில் வலது கண், இரண்டு மாதம் கழித்து இடது.

கட்டுப் பிரித்த காலையில், அக்கா முதலில் பார்த்தது சுவரை. வெள்ளை! வருடக்கணக்கில் காணாமல் போயிருந்த, பல்லைக் கூசவைக்கும் வெள்ளை. நர்ஸம்மாவின் கையுறை நீலம். ஜன்னல் திரையில் நீலப் பூ. "அடேயப்பா, இவ்வளவு நீலத்த எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க!" என்று நர்ஸம்மாவைக் கடிந்துகொண்டார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த கணவரைப் பார்த்தார்.

"தொப்பியக் கழட்டுங்க."

"சளி இன்னும்..."

"கழட்டுங்கங்கிறேன்."

கழற்றினார்.

கத்திரிக்காய். சந்தைக்கு அன்றைக்குத்தான் வந்து இறங்கிய, தோல் பளபளக்கும் முற்றாத கத்திரிக்காய். அந்த நிறத்தில், வகிடு எடுத்து வாரிய தலைமுடி. அக்கா அலறிய அலறலில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்ததும் அவர்களும் அலறினார்கள்.

"இந்தத் தலையோடவா எட்டு மாசம் பஸ் ஓட்டினீங்க?"

"மொத ரெண்டு மாசம்தான் சும்மா ஓட்டினேன். அப்புறம் டெப்போவுல தொப்பி குடுத்தாங்க. எழுத்துல ஆர்டர் போட்டு."

"தெருவே உங்க தங்கச்சி வீட்டுக்குப் போச்சே. நீங்க ஏங்க போகல?"

அவர் தொப்பியைக் கையில் சுழற்றினார். "எல்லாரும் போயிட்டாங்க. நீ போட்டது ஒரு தலையிலயாவது நீ போட்ட மாதிரி இருக்க வேணாமா?"

அக்காவுக்குப் புதுக் கண்ணில் நீர் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாரோ என்னவோ, வந்துவிட்டது.

தலைகுனிந்து வேலை செய்யக் கூடாது, சாய நெடி ஆகாது, ஒரு வாரம் ஓய்வு என்று உத்தரவு. "நான் சரி பண்ணிடட்டா?" என்று நாத்தனார் பொட்டலத்தோடு வந்தார்.

"கை வைக்காத. அது என் வேலை. நான் பண்ணினத நானே பாத்துட்டு, நானே எடுக்கிறேன்."

அந்த ஒரு வாரமும் கணவரைத் தொப்பி இல்லாமல் எதிரே உட்கார வைத்தார். வலது கண்ணைப் பொத்தினால் கரும்பழுப்பு, சுத்தமான கரும்பழுப்பு. இடது கண்ணைப் பொத்தினால் கத்திரிக்காய். மாற்றி மாற்றிப் பொத்திப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் முதல்முறை போலவே திடுக்கிடுவார். கூண்டிலிருந்த அட்டைகளில் மூன்றைக் கிழித்துவிட்டு, வெள்ளைக் கோழிக்கு லெக்ஹார்ன் என்றும், மேகக் கோழிக்கு ஆந்தலூசியன் என்றும் எழுதினார். தாடிக்காரியைப் பிடித்து மடியில் வைத்து, விரலை எண்ணினார். நாலு. அமெரிக்கானா.

எட்டாம் நாள் கடை திறந்தது. தெரு மொத்தமும் வாசலில் நின்றது. யாரும் உள்ளே வரவில்லை. அக்கா யாரையும் கூப்பிடவில்லை. கணவரை நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டைப் போர்த்தினார். நீல முட்டையைக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் வைத்தார். சாயக் குழாயை எடுத்தார், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, முப்பது வருடத்தில் முதல்முறையாக அதன்மேல் இருந்த எண்ணைச் சத்தமாகப் படித்தார். வாசலில் நின்ற நாத்தனார் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"கலர் எப்படி வேணுங்க?" என்றார் அக்கா கணவரிடம்.

நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்தாத மனிதர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"போன தடவ மாதிரி வேணாம்."

முப்பது வருடத்தில் அவர் சொன்ன முதல் குறை. அக்கா கையிலெடுத்த பிரஷ் நழுவிச் சாயக் கிண்ணத்தில் விழுந்தது. கோழிகள், டாக்டர், நம்பர், கத்திரிக்காய் எல்லாவற்றையும் தாங்கிய மனுஷி, இதைத் தாங்க முடியாமல் இன்னொரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இத, எட்டு மாசத்துக்கு முன்னாடி சொல்லித் தொலைச்சிருந்தா என்னங்க?"

"நீ கேக்கவே இல்லையே" என்றார் அவர்.